நாடியும் மூச்சும்

ஒருவர் உயிரோடு இருக்கிறார் என்பதை அறிய, மனிதன் தொன்றுதொட்டு இரண்டு அடையாளங்களை நம்பி வந்திருக்கிறான். ஒன்று நாடி, மற்றொன்று மூச்சு. ஹகீம் நோயாளியின் மணிக்கட்டில் விரல்களை வைத்திருக்கும்போதே அவருடைய பார்வை மார்பின் ஏற்ற இறக்கத்தின் மீது இருக்கும். இரண்டும் சீராக இருந்தால் அவர் முகம் மலரும். ஒன்று தவறினாலும் வாடும்.

அவ்விரண்டில் நாடியை ஒரு கருவியைக் கொண்டு நடத்தும் காலத்தில் நாம் வாழ்கிறோம். இருதயத் துடிப்பு மிகக் குறைந்து போனவரின் மார்புத் தோலுக்கடியில் 'பேஸ்மேக்கர்' என்னும் சிறு கருவியை வைத்து, மெல்லிய கம்பி வழியே இருதயத்திற்கு மின்தூண்டல் அனுப்பித் துடிப்பை மீட்டு விடுகிறார்கள். நம் குடும்பங்களிலும் இக்கருவியோடு வாழும் பெரியவர்கள் உண்டு. ஆனால், சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவர்களுள் சிலர், சில நாட்களிலோ வாரங்களிலோ ஒரு குறையைச் சொல்கிறார்கள்: "மூச்சு வாங்குகிறது." நாடியைப் பார்த்தால் கடிகாரம் போல் சீராக ஓடுகிறது. வீட்டார் குழம்புகிறார்கள். "கருவிதான் நன்றாக வேலை செய்கிறதே, வாப்பா! பயத்தினால் அப்படித் தோன்றுகிறது" என்று ஆறுதல் கூறுகிறார்கள். பெரியவரும் அதன்பின் வாய் திறப்பதில்லை.

நாடி சரி என்கிறது. மூச்சு சரியில்லை என்கிறது. இரண்டில் எதை நம்புவது? இருதயத்தைப் பற்றி மனிதகுலம் சிறுகச் சிறுக அறிந்து வந்த வரலாற்றைப் புரட்டினால் இதற்கு விடை கிடைக்கிறது. அவ்வரலாற்றின் முதல் ஏடு, ஒரு முஸ்லிம் மருத்துவப் பேரறிஞரின் எழுதுகோலால் எழுதப்பட்டதாகும்.

சுவரில் துளை இல்லை

இருதயத்திற்கு வலம், இடம் என இரு பக்கங்கள் உண்டு. இடையே தடித்த தசைச்சுவர் ஒன்று நிற்கிறது. வலப்பக்கத்து இரத்தம் அச்சுவரிலுள்ள கண்ணுக்குத் தெரியாத துளைகள் வழியே இடப்பக்கம் செல்கிறது என்று கிரேக்க மருத்துவர் காலன் எழுதி வைத்தார். ஓராயிரம் ஆண்டுகளுக்கு மேலாக உலகம் அதை ஏற்றிருந்தது. இருதயத்திற்கான மருந்துகளைப் பற்றித் தனி நூலே யாத்த இபுனு சீனாவும் இவ்விஷயத்தில் பழைய கருத்தை விட்டு விலகவில்லை.

ஹிஜ்ரி ஏழாம் நூற்றாண்டில் டமாஸ்கஸ் பகுதியில் பிறந்து, அந்நகரின் நூரி மருத்துவமனையில் மருத்துவம் பயின்று, பின்னர் கெய்ரோவில் புகழ் பெற்றவர் இபுனு நஃபீஸ். ஷாஃபிஈ மத்ஹபின் சட்டத்தைப் போதித்த ஆலிமும் அவரே. இபுனு சீனாவின் 'கானூன்' நூலிலுள்ள உடற்கூற்றியல் பகுதிக்கு அவர் 1242இல் ஓர் உரை வரைந்தார். தாம் பெரிதும் மதித்த ஆசானின் நூலுக்கு உரை எழுதுகையிலேயே, அந்தச் சுவரில் துளை ஏதும் இல்லை என்று அஞ்சாது உரைத்தார். வலப்பக்கத்து இரத்தம் நுரையீரலுக்குச் சென்று, அங்கே காற்றோடு கலந்து, அதன் பிறகே இடப்பக்கம் வந்து சேர்கிறது என்று எழுதினார். ஐரோப்பாவில் செர்விட்டஸ் இக்கருத்தை வெளியிட்டது 1553இல். உடல் முழுவதற்குமான இரத்த ஓட்டத்தை ஹார்வி விளக்கியது 1628இல்.

இபுனு நஃபீஸ் 1288இல் இறையடி சேர்ந்தார். தம் வீட்டையும் நூல்களையும் கெய்ரோவின் மன்சூரி மருத்துவமனைக்கு வழங்கிச் சென்றார். எனினும் அவரது இந்தக் கண்டுபிடிப்பு நெடுங்காலம் மறைந்தே கிடந்தது. ஜெர்மனியில் பயின்ற எகிப்திய மருத்துவர் முஹ்யித்தீன் தத்தாவி, பெர்லின் நூலகத்திலிருந்த கையெழுத்துப் படியை ஆராய்ந்து 1924இல் அதை வெளிக்கொணர்ந்தார்.

இதைப் பழம்பெருமைக்காக மட்டும் நாம் இங்கே நினைவுகூரவில்லை. மூச்சு வாங்குவதன் காரணத்தை அறியும் திறவுகோல் இதில்தான் இருக்கிறது. இருதயத்தின் இடப்பக்கத்திற்குச் செல்லும் இரத்தம் நுரையீரலைக் கடந்தே செல்ல வேண்டும். அப்படியானால் இடப்பக்கத்தின் வாயிலில் நெரிசல் ஏற்பட்டால், அதன் விளைவு எங்கே தோன்றும்? பின்னாலுள்ள நுரையீரலில் தோன்றும். மதகு அடைபட்டால் கால்வாயில் நீர் எதிர்த்து ஏறுவது போல, நுரையீரலின் நாளங்களில் இரத்தம் தேங்கி அழுத்தம் உயர்கிறது, மூச்சு முட்டுகிறது. மூச்சின் குறை பல வேளைகளில் இருதயத்தின் குறையே என்பது இதனால் புலனாகும்.

மேலறையும் கீழறையும்

நாடி மிக மெதுவாக ஓடுவதும், அவ்வப்போது நினைவு தப்பி விழுவதும் சேர்ந்து வரும் நோய் ஒன்று உண்டு. இதை மூளையின் கோளாறு என்றே பலரும் கருதிய காலத்தில், இருதயமே இதன் பிறப்பிடம் என்று சுட்டியவர்கள் அயர்லாந்தின் டப்ளின் நகர மருத்துவர்கள். ராபர்ட் ஆடம்ஸ் 1827இலும், வில்லியம் ஸ்டோக்ஸ் 1846இலும் எழுதினார்கள். அந்நோய்க்கு அவ்விருவர் பெயரும் நிலைத்துவிட்டன. ஸ்டோக்ஸ் தம் நோயாளியிடம் ஒரு விந்தையைக் கண்டார். மணிக்கட்டின் நாடி மெதுவாக ஓட, கழுத்து நரம்புகளோ அதைவிட வேகமாகத் துடித்துக்கொண்டிருந்தன. மேலறைகள் ஒரு தாளத்திலும் கீழறைகள் வேறொரு தாளத்திலும் இயங்கியதன் வெளியடையாளம் அது.

இருதயத்தில் மேலே இரண்டு அறைகளும் கீழே இரண்டு அறைகளும் உள்ளன. முதலில் மேலறைகள் சுருங்கித் தம்மிடமுள்ள இரத்தத்தைக் கீழறைகளுக்குத் தள்ளும். நொடியில் ஒரு சிறு பங்கு கழிந்ததும் கீழறைகள் சுருங்கி அதனை நுரையீரலுக்கும் உடலுக்கும் செலுத்தும். இந்த ஒழுங்கை நடத்துவது எது என்பது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தெளிவாயிற்று. ஜெர்மனியின் மார்பர்க் நகரில் ஆய்வு செய்த ஜப்பானியர் சுனாவோ தவாரா, மேலறையிலிருந்து கீழறைக்குச் செய்தி செல்லும் பாதையை 1906இல் முழுமையாக விவரித்தார். அச்செய்தி பிறக்கும் இடத்தை மறு ஆண்டே ஆர்தர் கீத்தும் மார்ட்டின் ஃபிளாக்கும் இங்கிலாந்தில் கண்டறிந்தார்கள். தவாரா விவரித்த அப்பாதை பழுதுபட்டால் மேலறையின் கட்டளை கீழறைக்கு எட்டாது. கீழறை தானே நிமிடத்திற்கு முப்பது, நாற்பது முறை துடித்துத் தள்ளாடும். சில சமயம் அதுவும் சற்று நின்றுவிடும். டப்ளின் நோயாளிகள் நினைவிழந்து விழுந்தது இதனால்தான்.

ஒரு மனைவியின் பிடிவாதம்

நோயின் காரணம் தெரிந்தும், மருந்துகள் பெரிதும் கை கொடுக்கவில்லை. மின்சாரம் கை கொடுத்தது. 1952இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகர மருத்துவர் பால் சோல், மார்பின் மேற்புறத்தில் மின்முனைகளை வைத்து இருதயத்தைத் துடிக்கச் செய்து காட்டினார். உயிர் நின்றது, ஆனால் தோல் புண்ணாயிற்று, வலி பொறுக்க முடியாததாயிற்று. மினியாபோலிஸ் நகரில் லில்லிஹை என்ற அறுவை மருத்துவர் இருதயத்தின் மீதே கம்பியைப் பொருத்தினார். ஆனால் அக்கம்பியின் மறுமுனை சுவரின் மின்னிணைப்பில் இருந்தது. 1957 அக்டோபர் 31இல் நகரில் மின்சாரம் தடைபட்டபோது அதன் ஆபத்து எல்லோருக்கும் விளங்கியது. மருத்துவமனைக் கருவிகளைப் பழுது பார்த்து வந்த ஏர்ல் பக்கன் என்பவர், இசைப் பயிற்சிக்குத் தாளம் காட்டும் கருவியின் மின்சுற்று ஒன்றை மாற்றியமைத்து, பாட்டரியால் இயங்கும் சிறிய கருவியைச் சில வாரங்களிலேயே செய்து கொடுத்தார்.

கருவி முழுவதையும் உடலுக்குள்ளேயே வைக்கும் முயற்சி சுவீடன் நாட்டின் ஸ்டாக்ஹோமில் நடந்தது. ஆர்னே லார்சன் என்ற 43 வயதுக்காரர் நாளொன்றுக்கு இருபது, முப்பது முறை நினைவிழந்து கொண்டிருந்தார். அவர் மனைவி எல்ஸ்-மரீ, அறுவை மருத்துவர் ஓக்கே சென்னிங்கையும், மருத்துவம் பயின்று பொறியாளரான ரூனே எல்ம்க்விஸ்டையும் விடாது அணுகினார். மனிதர்க்கு வைக்கத்தக்க கருவி இன்னும் உருவாகவில்லை என்று அவர்கள் கூற, அப்படியானால் ஒன்றைச் செய்யுங்கள் என்று அவர் வற்புறுத்தினார். எல்ம்க்விஸ்ட் மின்பாகங்களை ஷூ பாலிஷ் டப்பா ஒன்றில் வைத்துப் பிசினை ஊற்றி உறைய வைத்தார். 1958 அக்டோபர் 8ஆம் நாள் அது லார்சனின் உடலில் வைக்கப்பட்டது. சில மணி நேரத்திலேயே நின்றும் போயிற்று! உடனே இரண்டாவது கருவி வைக்கப்பட்டது. பின்னாளில் கருவி மாறிக்கொண்டே இருந்தது. மனிதர் வாழ்ந்துகொண்டே இருந்தார். வாழ்நாளில் 26 கருவிகளைக் கண்ட லார்சன், எல்ம்க்விஸ்டும் சென்னிங்கும் மறைந்த பின்னரும் வாழ்ந்து, 2001 டிசம்பரில் தம் 86ஆம் வயதில் இறந்தார். அவர் இறப்புக்குக் காரணம் புற்றுநோய்.

இந்நிகழ்ச்சியில் நம் நெஞ்சைத் தொடுவது எது? மருத்துவ உலகம் ஆயத்தமாகாத வேளையில், நோயாளியின் துன்பத்தை அருகிருந்து கண்ட ஒருவர் அதை உரக்கச் சொன்னார். சொன்னதைச் செவிமடுக்கவும் இருவர் இருந்தனர். கருவியின் வரலாறு அங்கே பிறந்தது. அதன் அடுத்த கட்டமும் அப்படியே அமைந்தது.

துடிப்பு உண்டு, ஒழுங்கு இல்லை

1960களில் பரவிய கருவிகள் பெரும்பாலும் ஒரே கம்பி கொண்டவை. அக்கம்பியின் நுனி இருதயத்தின் வலக் கீழறையில் நிற்கும். மேலறையின் துடிப்பை அறிந்து அதற்கேற்பக் கீழறையைத் தூண்டும் கருவிகளும் அப்போதே முயலப்பட்டன. ஆயினும் எளிமை கருதி ஒற்றைக் கம்பியே வழக்கில் நிலைத்தது. உயிர் காக்கக் கீழறையின் துடிப்புப் போதும் என்பது அக்காலத்துக் கணக்கு. உயிர் காப்பாற்றப்பட்டது உண்மை. ஆனால் சிலர் தலைசுற்றல் என்றார்கள். சிலர் கழுத்தில் ஏதோ அடிக்கிறது என்றார்கள். பலர் மூச்சு வாங்குகிறது என்றார்கள். கருவியைச் சோதித்தால் பழுது எதுவுமில்லை.

1969இல் ஜப்பானிய மருத்துவர் மிட்சுயியும் அவருடைய தோழர்களும் இக்குறைகளை ஒன்றுசேர்த்து, இது கருவியின் தூண்டலாலேயே வரும் ஒரு நோய்க்குறித் தொகுதி என்று பெயரிட்டு எழுதினார்கள். 'பேஸ்மேக்கர் சிண்ட்ரோம்' என்று மருத்துவ நூல்கள் பின்னர் அதை வழங்கலாயின.

காரணம் இதுதான். கீழறை கருவியின் கட்டளைக்குத் துடிக்கிறது. மேலறையோ தன் போக்கில் துடிக்கிறது. கீழறை சுருங்கி, இடையிலுள்ள கதவுகள் மூடியிருக்கும் வேளையில் மேலறை சுருங்கினால் என்ன ஆகும்? மூடிய கதவில் மோதிய இரத்தம் வந்த வழியே திரும்புகிறது. வலப்பக்கத்தில் அது கழுத்து நரம்புகளில் ஏறி அடிக்கிறது. இடப்பக்கத்தில் நுரையீரலை நோக்கி அழுத்துகிறது. மேலும், மேலறை உரிய நேரத்தில் தள்ளித் தரவேண்டிய இரத்தம், இருதயம் வெளிச்செலுத்தும் அளவில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. முதுமையால் விறைத்த இருதயத்தில் இன்னும் மிகுதி. அந்தப் பங்கு இல்லாது போகையில் இரத்த அழுத்தம் தாழ்ந்து தலை சுற்றுகிறது, உடல் சோர்கிறது. நாடியின் எண்ணிக்கை மட்டும் எழுபதாகவே இருக்கும்! ஜமாஅத் தொழுகையில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பதோடு, இமாமுக்குப் பின்னே உரிய வேளையில் குனிந்து நிமிர்கிறார்களா என்பதும் முக்கியமல்லவா? இருதயத்தின் அறைகளுக்கும் அப்படியோர் ஒழுங்கு உண்டு.

எண்கள் கூறும் சான்று

மேலறைக்கு ஒன்று, கீழறைக்கு ஒன்று என இரு கம்பிகள் கொண்டு, இரண்டையும் உணர்ந்து இரண்டையும் வரிசைப்படி இயக்கும் கருவிகள் 1970களின் இறுதியில் வந்தன. நடக்கும்போதும் படியேறும்போதும் உடலின் தேவையறிந்து துடிப்பை விரைவுபடுத்தும் ஆற்றல் 1980களில் சேர்ந்தது.

இவற்றால் உண்மையில் பயன் உண்டா என்பதை அமெரிக்காவில் 65 வயது கடந்த 407 பேரிடம் ஆராய்ந்து 1998இல் வெளியிட்டார்கள். எல்லோருக்கும் வைக்கப்பட்டது இரு கம்பிக் கருவியே. சீட்டுக் குலுக்குவது போலத் தேர்ந்தெடுத்து, ஒரு பகுதியினருக்கு இரு அறைகளையும், மற்றவர்களுக்குக் கீழறையை மட்டும் இயக்குமாறு கட்டளை அமைத்தார்கள். கீழறை மட்டும் இயக்கப்பட்டவர்களுள் 26 சதவீதத்தினருக்கு இந்த நோய்க்குறித் தொகுதி தோன்றியதால், இரு அறை முறைக்கு மாற்ற வேண்டி வந்தது. இதற்கு மீண்டும் கத்தி எடுக்க வேண்டியிருக்கவில்லை. மார்பின் வெளிப்புறத்தில் ஒரு சாதனத்தை வைத்துக் கருவியின் கட்டளையை மாற்றினால் போதுமாயிருந்தது.

2010 பேரிடம் நடத்தி 2002இல் வெளியான மற்றோர் ஆய்விலும், கீழறை மட்டும் இயக்கப்பட்டவர்களுள் ஏறத்தாழ 18 சதவீதத்தினர் இக்குறைக்கு ஆளாயினர். இவ்விரு ஆய்வுகளிலும் இறந்தோர் தொகையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். உயிர் இரு முறையிலும் காக்கப்பட்டது. மாறுபட்டது வாழ்க்கையின் தரம்; அதாவது, மூச்சு வாங்காமல் பள்ளிவாசல் வரை நடக்க இயலுமா, இயலாதா என்பது.

நான்கில் ஒருவர், ஐந்தில் ஒருவர் என்னும் அளவுக்குக் காணப்பட்ட ஒன்றை வெறும் பயம் என்று தள்ளிவிட முடியுமா?

வீட்டார் அறிய வேண்டியவை

கருவி வைத்தபின் வரும் மூச்சுத் திணறல் எல்லாமே இந்த ஒரே காரணத்தால் வருவதன்று. கம்பியைச் செலுத்துவதற்காகக் காறை எலும்பின் கீழுள்ள பெரிய இரத்த நாளத்தில் ஊசி ஏற்றுவர். அந்த ஊசி நுரையீரலின் நுனியைத் தொட்டுவிட்டால் காற்றுக் கசிந்து மார்புக்கூட்டில் தேங்கும். பெரும்பாலும் முதல் இரண்டொரு நாட்களில் இது தெரிய வரும். கம்பியின் நுனி இருதயச் சுவரைத் துளைத்து, இருதயத்தைச் சூழ்ந்த உறைக்குள் இரத்தம் கசிவதும் உண்டு. அரிதாயினும் உயிருக்கு ஆபத்தானது அது. கம்பி இடம்பெயர்ந்து தூண்டல் எட்டாமற் போகலாம். நடையின் வேகத்திற்குத் தக்கபடி துடிப்பு ஏறாமலிருக்கலாம். கீழறையையே இடைவிடாது பல மாதங்கள், ஆண்டுகள் தூண்டி வருவதால் சிலருக்கு இருதயத் தசை தளர்வதும் உண்டு. கருவிக்கு முன்பே இருந்த இருதய பலவீனமோ நுரையீரல் நோயோ தொடரவும் கூடும். இவற்றுள் எது என்பதை வீட்டிலிருந்து முடிவு செய்ய இயலாது. மருத்துவர்தான் சோதித்துச் சொல்ல வேண்டும்.

திடீரென்று மூச்சு முட்டினாலோ, மார்பு வலித்தாலோ, மயக்கம் வந்தாலோ நொடியும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மெல்ல மெல்ல வரும் குறையாயின், எந்த வேளையில் வருகிறது என்பதைக் குறித்து வைத்துச் சொல்வது பெரிதும் உதவும். தட்டையாகப் படுத்தால் வருகிறதா? நள்ளிரவில் எழுந்து உட்கார வைக்கிறதா? கால் வீங்குகிறதா? கழுத்தில் துடிப்புத் தெரிகிறதா?

தொழுகையாளிகள் மற்றொன்றையும் கவனித்துச் சொல்லலாம். குனிந்த சிறு பொழுதிலேயே மூச்சு முட்டுவது, இருதயத்தில் அழுத்தம் மிகுந்திருப்பதன் அடையாளமாகலாம் என்று மருத்துவர்கள் 2014இல் அதற்கெனத் தனிப் பெயர் சூட்டியே எழுதினார்கள். ருகூவிலும் ஸுஜூதிலும் அப்படி நேர்ந்தால், வயதின் தளர்ச்சி என்று மறைக்காமல் மருத்துவரிடம் கூறுவது நலம். கருவி வைத்த பக்கத்துக் கையை முதற்சில வாரங்கள் தோளுக்கு மேல் உயர்த்த வேண்டாம் என்று மருத்துவர்கள் சொல்வது வழக்கம். தக்பீரின்போது கைகளை உயர்த்துவது ஸுன்னத்தேயன்றி ஃபர்ளு அன்று. நின்று தொழ இயலாதவருக்கு உட்கார்ந்தும், அதுவும் இயலாதவருக்குப் படுத்தும் தொழ மார்க்கம் இடமளித்திருக்கிறது. அல்லாஹ் அளித்த அச்சலுகையைப் பெற்றுக்கொள்வதில் குறைவு ஒன்றுமில்லை. ஐயமிருப்பின் ஆலிம்களிடம் கேட்டுத் தெளியலாம்.

பழைய பாதைக்கு

வரலாறு இத்துடன் நிற்கவில்லை. கீழறையின் நுனியில் தூண்டுவதைவிட, தவாரா விவரித்த அந்த இயற்கைப் பாதையிலேயே கம்பியைப் பதித்துத் தூண்டினால் இருதயம் தன் இயல்பான ஒழுங்கில் சுருங்கும் என்று மருத்துவர்கள் எண்ணினார்கள். 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவில் தேஷ்முக் என்பவரும் அவருடைய தோழர்களும் அப்பாதையின் தொடக்கத்தில் நிலையாகக் கம்பி பதித்த முறையை வெளியிட்டார்கள். 2017இல் சீனாவில் ஹுவாங் என்பவரும் அவருடைய குழுவினரும் அதன் இடக்கிளையில் பதித்த முறையை எழுதினார்கள். இம்முறைகள் பல நாடுகளில் பரவியுள்ளன. மனிதன் எத்தனை கருவி செய்தாலும், கடைசியில் படைத்தவன் அமைத்த பாதையைத் தேடியே திரும்பி வர வேண்டியிருக்கிறது!

நூலில் எழுதியிருந்ததைக் காட்டிலும் உடலில் உள்ள உண்மையை இபுனு நஃபீஸ் பெரிதாக மதித்தார். நுரையீரலின் வழி திறந்தது. கருவி சரியாயிருக்கிறது என்ற அறிக்கையைக் காட்டிலும் நோயாளியின் சொல்லை மிட்சுயி பெரிதாக மதித்தார். இரு அறைகளின் ஒழுங்கு எத்துணை இன்றியமையாதது என்பது விளங்கியது. ஆகவே, நம் வீட்டுப் பெரியவர் ஒருவர் கட்டிலில் சாய்ந்தவாறு "மூச்சு வாங்குகிறது" என்று சொல்வாரானால், அவருடைய மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்து "நாடி நன்றாக இருக்கிறதே" என்று மறுமொழி கூறி நகர்ந்துவிட வேண்டாம். அருகில் அமர்ந்து, எப்போது, எப்படி என்று கேட்போம். கேட்டதை மருத்துவரின் காதில் சேர்ப்போம். நோயாளியை நலம் விசாரிப்பது நம் மார்க்கத்தில் ஒரு கடமை. விசாரிப்பது என்றால் கேட்பதுதானே!

நாடியையும் மூச்சையும் தன் கைவசம் வைத்திருக்கும் வல்ல நாயன், நோயுற்றோர் அனைவருக்கும் பூரண சுகத்தை அருள்வானாக! ஆமீன்.